வாசிக்க ஒரு ஆள்

ஜனவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் விட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் இந்தப் பேச்சை மூன்று தடவை எடுத்தேன். முதல் தடவை, "கிரேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றீர்கள், அன்று ஞாயிற்றுக்கிழமை. அடுத்த தடவை ஜோக் சொன்னீர்கள். மூன்றாவது தடவை, "இந்தா, அம்மா பேசணுமாம்" என்று போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அம்மா அப்போது கடைக்குப் போயிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவரை உங்கள் வீட்டு மின்விசிறியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே இனிமேல் கடிதம்தான். அம்மா, இதை அப்பாவுக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு. எழுந்து போனால் சட்டையைப் பிடித்து உட்கார வை.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்குப் போன மாதம் ஒரு பயிற்சி நடந்தது. நல்ல புத்திசாலிப் பிள்ளைகள் சிலருக்கு வாசிப்பும் எழுத்தும் மட்டும் ஏன் பிடிபடுவதில்லை என்று விளக்கினார்கள். அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். அது சோம்பல் இல்லை, மந்தமும் இல்லை. எழுத்தை மூளை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு, அவ்வளவுதான். பயிற்சி கொடுத்த அம்மாள் ஒவ்வொரு அடையாளமாகச் சொல்லச் சொல்ல, மற்ற ஆசிரியர்கள் தங்கள் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டார்கள். நான் உங்களை நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை காதில் விழுந்ததை ஜென்மத்துக்கும் மறக்காதவர், ஒரு பெயர்ப்பலகையை வாசிக்க மட்டும் நின்று மூச்சு வாங்குவது ஏன்? நாலு பேர் முன்னால் எழுத வேண்டிய நாளில் மட்டும் உங்கள் விரலில் கட்டு முளைப்பது ஏன்? சின்ன வயதில் நான் அந்தக் கட்டைப் பார்த்து அழுதிருக்கிறேன், அப்பா!

ஒரே ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகள்


ஜனவரி 25

அன்பு மகளுக்கு, அப்பா சொல்ல அம்மா எழுதுவது.

இங்கு இருவரும் சௌக்கியம். முழங்கால் அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். (இருமல் விடவில்லை. — அம்மா)

உன் கடிதத்தை உன் அம்மா இரண்டு தடவை வாசித்தாள். இரண்டாவது தடவை வேண்டாம் என்று எழுந்தேன். நீ சொன்னபடியே சட்டையைப் பிடித்தாள். ஒரு பொத்தான் போயிற்று. அதை உன் கணக்கில் எழுதிக்கொள்.

ஏன் பாப்பா, எனக்கு ஐம்பத்தாறு வயது. இந்த வயதில் மனிதனுக்குச் சர்க்கரை வரும், ரத்தக்கொதிப்பு வரும். எனக்கு மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருவது வர வேண்டுமா? அடுத்த கடிதத்தில் எனக்குப் பால்பல் விழப்போகிறது என்று எழுதுவாயா? அதுவும் என்ன பெயர் அது! உன் அம்மாவே இரண்டு தடவை அடித்து எழுதினாள். வாசிக்க வராதவனுக்கு வைக்கிற பெயரா? பெயர் வைத்தவனுக்கு எங்கள் மேல் என்ன கோபமோ. ('எங்கள்' என்றுதான் சொன்னார். நான் மாற்றவில்லை. — அம்மா)

நான் எட்டாவது வரை படித்தவன். அதாவது எட்டாவது வரை உட்கார்ந்திருந்தவன். எழுத்துகள் எனக்குத் தெரியும். மற்றவர்கள் ஒரு தெருவைப் பார்த்த உடனே, "இது இன்ன தெரு" என்கிறார்கள். நான் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி, "உங்க பேர் என்ன?" என்று கேட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது முதல் வீட்டுக்காரன் பெயர் மறந்துவிடுகிறது. திரும்பவும் முதலிலிருந்து தட்ட வேண்டும். இதற்கு எதற்கு ஒரு டாக்டர்? ஆள் கொஞ்சம் மெதுவாக நடக்கிறான், அவ்வளவுதானே.

மேலும் கிரேனுக்கு வாசிப்பு தேவையில்லை. கீழே சங்கிலி என்று நாங்கள் கூப்பிடுகிறவன் நின்று இரும்பைக் கட்டிவிட்டுக் கையைக் காட்டுவான், மேலே நான் தூக்குவேன். அவன் உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் போகிறது.

(அவர் வேலை செய்கிற இரும்பு யார்டுக்குப் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்திருக்கிறார். கிரேன் ஓட்டுகிற எல்லோரும் மார்ச்சில் எழுத்துப் பரீட்சை எழுத வேண்டுமாம். தேறாதவர்களைக் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்களாம். "இதை எழுதாதே" என்றார். எழுதிவிட்டேன். "இவ்வளவு நேரம் என்ன எழுதற?" என்று கேட்கிறார். சௌக்கியம் என்று எழுதுகிறேன் எனச் சொல்லியிருக்கிறேன். — அம்மா)

இப்படிக்கு,
பல் எல்லாம் பத்திரமாக இருக்கும் அப்பா


பிப்ரவரி 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா, இருமலுக்கு மருந்து வாங்கினாயா?

அப்பா, பரீட்சை விஷயம் தெரியும். அம்மா எழுதிவிட்டாள். இந்த வரியையும் அவளே உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதை அவள் யோசிக்கவில்லை போலிருக்கிறது. கோபப்படாதீர்கள்.

அந்த அதிகாரியிடம் போய், "எனக்கு வாசிப்பதில் சிரமம், கேள்வியை வாசித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும்" என்று கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரியும். தெரியாதது கேள்வித்தாள் மட்டும்தான்.

இத்துடன் ஒரு கறுப்பு அட்டை. நடுவில் ஜன்னல் வெட்டியிருக்கிறேன். வரி மேல் வைத்தால் அந்த வரி மட்டும் தெரியும், மற்றது மறைந்துவிடும். தினமும் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பெண் இதை வைத்து வாசிக்கிறாள். அவளுக்கு ஏழு வயது. அவள் இவ்வளவு அடம் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகள்


பிப்ரவரி 27

அன்பு மகளுக்கு, அப்பா சொல்ல, ஒற்று வேலை பார்க்கும் அம்மா எழுதுவது.

எல்லோரும் சுகம். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு பரீட்சைப் புத்தகத்தை வாசிக்க ஆள் வேண்டியிருந்ததால் நானே சமாதானத்துக்குப் போனேன்.

அட்டை வந்தது. இருமல் மருந்தோடு வந்த தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, தெருவில் கூட்டம் குறைந்திருக்கிறது. ஒரு வீடுதான் கண்ணில் படுகிறது. அதற்காக வீட்டுக்காரன் உடனே பெயரைச் சொல்லிவிடுவானா? அந்தத் தாளை நான் வாசித்து முடிப்பதற்குள் இருமலே நின்றுவிட்டது. (நிற்கவில்லை. — அம்மா)

ஆள் கேட்கச் சொல்கிறாய். பாப்பா, நீ யார்டுக்குள் வந்ததில்லை. நான் தூக்குகிற இரும்பு ஒவ்வொன்றும் ஒரு மாட்டு வண்டி கனம். அதைத் தொட்டுத் திருப்பி இறக்க ஆட்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். மேலே உட்கார்ந்திருப்பவனை நம்பித்தான் நிற்கிறார்கள். "இவனுக்கு வாசிக்கக்கூட வராது" என்று தெரிந்த மறுநாள் எவன் வந்து நிற்பான்? நானே நிற்க மாட்டேன்.

என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது. உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து தினமும் கேள்வி பதில் வாசிக்கிறாள். புத்தகம் முழுக்க என் மண்டைக்குள் ஏறிவிட்டது. பரீட்சைத் தாளில் கேள்வியை முழுக்க வாசிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு சொல்லைத் தட்டினால் போதும், எந்தக் கேள்வி என்று பிடித்துவிடுவேன். பதில் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சொல்தான், அதைக் கைக்குப் பழக்கிவிட்டேன்.

(எனக்கு இந்தத் திட்டத்தில் நம்பிக்கையில்லை. சொன்னால் கேட்க மாட்டார். இதை எழுதுவது அவருக்குத் தெரியும். எழுதிக்கோ என்கிறார். — அம்மா)

இப்படிக்கு,
மாணவன்


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? நலம் என்றால் ஏன் ஒரு மாதமாகக் கடிதம் இல்லை?

பரீட்சை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. அம்மாவிடம் போனில் கேட்டால், "நல்லா எழுதினாராம்" என்கிறாள். அந்த 'ஆம்' எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் பேசினால் நான் கேட்காமலே மழையைப் பற்றிச் சொல்கிறீர்கள். இங்கேயும் மழை பெய்கிறது, அப்பா. எனக்குக் கிரேனைப் பற்றிச் சொல்லுங்கள்.

மகள்


ஏப்ரல் 9

பேரன்பும் பெருமதிப்பும் நிறைந்த அருமைப் புதல்விக்கு,

தங்கள் தந்தையார் திருவாய் மொழிய, தெருமுனை லாண்டரிக்காரன் பணிவுடன் வரைவது. (தந்தையார் "பாப்பாவுக்கு" என்று மட்டுமே சொன்னார். நான் முன்பு கோர்ட் வாசலில் மனு எழுதி வந்தவனாகையால் முறைப்படி எழுதுகிறேன். — லாண்டரி)

சுகம். உன் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவதால் கை மாறியிருக்கிறது. பயப்படாதே.

திட்டம் தோற்றுவிட்டது. மூன்று கேள்விகள் ஒரே மாதிரி ஆரம்பித்தன. ஆரம்பத்தைப் பார்த்துப் பழகின முகம் என்று கையைக் குலுக்கினேன். "எப்போது தூக்கலாம்?" என்று நான் நினைத்த இடத்தில் "எப்போது தூக்கக்கூடாது?" என்று கேட்டிருக்கிறார்கள். புயல் காற்றிலும், மின்கம்பிக்குப் பக்கத்திலும், ஆட்கள் தலைக்கு மேலேயும் தூக்கலாம் என்று நான் எழுதிக்கொடுத்திருக்கிறேன். அதிகாரி என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

இப்போது யார்டு கேட்டில் இருக்கிறேன். கேட்டில் என்ன வேலை தெரியுமா? உள்ளே வரும் லாரி எண், டிரைவர் பெயர், சரக்கு விவரம் எல்லாம் எழுதுகிற வேலை! எழுத்து வரவில்லை என்று இறக்கினவனைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுதுகிற நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? டிரைவர்களிடம், "நீங்களே எழுதிடுங்க, தம்பி" என்று பேனாவை நீட்டிக்கொண்டிருக்கிறேன். என் கிரேனில் ஒரு புதுப் பையன் உட்கார்ந்து இரும்பை ஊஞ்சல் ஆட்டுகிறான். பார்க்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருகிறேன். இதைச் சொல்லும்போது தந்தையாரின் கண்களில் நீர் ததும்பியது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.

ஜூலையில் இன்னொரு தடவை எழுதலாமாம். அம்மாவிடம் சொல்லாதே. தினமும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசித்தவள். அவள் வாசித்ததில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வாள். பதிலை லாண்டரி விலாசத்துக்கு எழுது.

தந்தையார் சார்பாக,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள லாண்டரி


ஏப்ரல் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

லாண்டரி ஐயா, வணக்கம். தயவுசெய்து இதில் இருப்பதை மட்டும் வாசியுங்கள்.

அப்பா, உங்கள் கண்ணில் நீர் வந்ததா, அது ஐயாவின் சரக்கா? எது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரு கிரேன் ஓட்டுநர் தேறவில்லை என்பது ஒன்றுமில்லை. காலையில் கிரேனுக்குப் போவது போல டிபன் பாக்ஸோடு கிளம்பிக் கேட்டில் போய் உட்காருகிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனிதர் எத்தனை இடத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு திரிவது?

உங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சு, மொழிப் பிரிவு என்று இருக்கிறது. அங்கே பரிசோதனை செய்து சான்று தருவார்கள். அதைக் காட்டி ஜூலை பரீட்சைக்கு வாசிக்க ஆள் கேளுங்கள். கேட்கவில்லையென்றால் நான் நேரில் வந்து அந்த அதிகாரியிடம் கேட்பேன். நாலு பேர் முன்னால் கேட்பேன்.

மகள்


ஏப்ரல் 21

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இதை யாரும் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன்.

லாண்டரிக்காரர் உன் கடிதத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று உன் அப்பாவின் தேய்த்த சட்டைக்குள் மடித்து வைத்து, வீட்டுக்கே கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இந்த வீட்டுக்கு வருகிற கடிதத்தைக் கல்யாணமான நாளிலிருந்து நான்தான் பிரிக்கிறேன். பிரித்தேன்.

சாயங்காலம் வந்தார். "இன்னிக்குக் கிரேன்ல எப்படி?" என்று கேட்டேன். "அதுக்கென்ன, நல்லா ஓடுது" என்றார்.

"யார் ஓட்டறது?"

கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தார். இரண்டு செருப்புக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"லாண்டரிக்காரன் வாயைத் தைக்கணும்" என்றார்.

"அவர் வாயே திறக்கல. சட்டைதான் குடுத்தார். உங்களுக்கு ரகசியமா ஒரு கடுதாசி வேணும்னா அத யார் வாசிச்சுச் சொல்லணும்னு யோசிக்க மாட்டீங்களா?"

"அதுக்குத்தானே லாண்டரி விலாசம் குடுத்தேன்!"

கேட்டில் உட்கார்ந்தது எனக்கு ஒன்றுமில்லை. வாசற்படியிலேயே உட்காரட்டும். கரண்டு பில், டாக்டர் சீட்டு, உன் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட், உன் கல்யாணப் பத்திரிகை, எல்லாம் இந்த வாயால்தான் அவருக்கு வாசித்தேன். தோற்றுப்போனதைச் சொல்ல மட்டும் ஒரு லாண்டரிக்காரரா? அவர் கண்ணீரை நான் எழுதியிருக்க மாட்டேனா? இவ்வளவு ஜோடனை இல்லாமல் எழுதியிருப்பேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வாசித்ததில் குறை என்று நான் நினைப்பேனாம். இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு கேள்வியின் கடைசிச் சொல்லையும் அழுத்தி வாசித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். சட்டையைப் பிடித்துத்தான்.

அம்மா


மே 20

அன்பு மகளுக்கு, அப்பா சொல்ல அம்மா எழுதுவது. பேச்சுவார்த்தை உண்டு.

சுகம். ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை அலையவிட்டார்கள். உன் வயதுப் பெண் ஒருத்தி பரிசோதித்தாள். இருக்கிற சொல்லையே வாசிக்கத் திணறுகிறவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, "இதெல்லாம் அர்த்தமே இல்லாத சொல்லுங்க, சும்மா வாசிங்க" என்கிறாள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அர்த்தம் இருக்கறதே வரலைம்மா, இல்லாதத எதுக்கு வம்புக்கு இழுக்கற?" என்றேன். அவள் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். பிறகு கட்டைகளைக் கொடுத்துப் படம் மாதிரி அடுக்கச் சொன்னாள். அதை முடித்துவிட்டு, கட்டைகளைப் பெட்டியில் சிந்தாமல் அடுக்கவும் அவளுக்கு வழி சொன்னேன்.

முடிவு நீ சொன்னதுதான். சந்தோஷம்தானே? வாசிப்பு ஒரு சின்னப் பிள்ளை அளவு, புத்தி நன்றாக இருக்கிறது என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஐம்பத்தாறு வயதில் நான் முட்டாள் இல்லை என்பதற்குச் சான்றிதழ். பள்ளிக்கூடத்து வாத்தியார் யாரும் இப்போது உயிரோடு இல்லை, யாரிடம் போய்க் காட்டுவது?

அதிகாரியிடம் காட்டினேன். தனியாகப் பார்க்கலாம் என்று போனால் அன்றைக்கென்று கதவு ஓரத்தில் ஒரு வரிசையே கையெழுத்துக்கு நிற்கிறது. "என்ன விஷயம், சத்தமா சொல்லுங்க" என்றார் மனிதர். சொன்னேன். சத்தமாகவே. நிறையப் பேருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று தெரிந்துகொண்டேன்.

யார்டு ஆள் வாசித்தால் பதிலையும் சேர்த்து வாசித்துவிடுவான், வெளியாளைக் கூட்டிவா என்றிருக்கிறார். ஆக நல்ல செய்தி. எல்லாம் நல்லபடி.

(இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்குக் கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. — அம்மா)

இப்படிக்கு,
முத்திரை குத்தப்பட்ட அப்பா


ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தக் கதவு ஓரத்தில் நான் இருந்திருக்க வேண்டும்.

வாசிக்க யார்? நான் வரலாமென்றால் லீவு தர மாட்டேன் என்கிறார்கள், சண்டை போட்டுப் பார்த்தாயிற்று. யாராக இருந்தாலும் சரி, லாண்டரி ஐயா மட்டும் வேண்டாம். "மேன்மை தங்கிய கொக்கியானது" என்று ஆரம்பிப்பார்.

மகள்


ஜூலை 15

அன்பு மகளுக்கு, அப்பா சொல்ல அம்மா எழுதுவது.

இருவரும் சௌக்கியம். உன் அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, காரணம் கீழே.

வாசிக்க வந்தது அவள்தான். வேறு யாரையும் விட மாட்டேன் என்றாள். யார்டு அலுவலகத்தில் அதிகாரி அவளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். ஜாடை காட்டக்கூடாதாம். கை இரண்டும் தாள் மேலேயே இருக்க வேண்டுமாம். அதிகாரி எழுதிக்கொள்ள, நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

முதல் கேள்வியிலேயே தகராறு. "காற்று பலமாக வீசும்போது, இது உங்களுக்குத் தெரியும், அன்னைக்கு—" என்றாள்.

"அம்மா, கேள்விய மட்டும் வாசிங்க" என்றார் அதிகாரி.

"கேள்வியத்தான் சார் வாசிக்கறேன்."

"கேள்வில 'அன்னைக்கு' இல்ல."

கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இரண்டு தடவை வாசித்தாள். "என்ன சார் இது, தலையும் புரியல வாலும் புரியல. யார் எழுதினது?"

"நான்தான்."

(எழுதினவர் பக்கத்திலேயே இருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? — அம்மா)

பிறகு ஒழுங்காகத்தான் வாசித்தாள். கடைசிச் சொல் ஒவ்வொன்றையும் ஊருக்கே கேட்கிற மாதிரி அழுத்தினாள். 'கூ-டா-து' என்பது கேட் வரை கேட்டதாம். "ஓட்டுநர் அறைக்குள் தீப்பிடித்தால்" என்று ஒரு கேள்வி வந்தது. அது எங்கள் புத்தகத்தில் இல்லாதது. பாதியில் நின்றுவிட்டாள். "அங்க தீப்பிடிக்குமா?" என்று திரும்பி என்னைப் பார்த்தாள். "திரும்பாதீங்கம்மா!" என்று அதிகாரி கத்தினார். அவள் திரும்பவில்லை, அதாவது சுவர் பக்கம் திரும்பவில்லை. முதலில் பதிலைச் சொல்லுங்க என்றாள். எப்படி இறங்குவேன் என்று சொன்னேன். அவள் தலையாட்டின பிறகுதான் அதிகாரி குறித்துக்கொண்டார்.

தேறிவிட்டேன். முழு மதிப்பெண் இல்லை. தப்பானதெல்லாம் அவர் கேள்வியை எழுதின விதத்தால் என்று உன் அம்மா சாதிக்கிறாள்.

திங்கட்கிழமை மேலே ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன், பரீட்சைக்கு அடிக்காத நெஞ்சு அப்போது அடித்தது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. கீழே பார்த்தேன். இரும்பைக் கட்டிவிட்டு ஆட்கள் நகர்ந்து நிற்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தனும் நகரவில்லை. "அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று கத்துகிறார்கள். தூக்கினேன்.

இப்போது ஒரு தொல்லை. சங்கிலி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. தண்ணீர் குடித்தான், டீ குடித்தான், மழையைப் பற்றிப் பேசினான். பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, "அண்ணி, இதக் கொஞ்சம் பாருங்க, கண்ணாடி கொண்டுவரல" என்றான். இரும்பு கட்டுகிறவர்களுக்கும் பரீட்சை வருகிறதாம். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது.

உன் அம்மா தாளுக்குக் கையை நீட்டினாள். நான் தடுத்துவிட்டேன். "கண்ணாடிக் கதையெல்லாம் வேணாம்டா. வாசிக்க வரலன்னு சொல்லு. ரெண்டே வார்த்தை. நாங்க ஒண்ணும் ஓடிப்போக மாட்டோம்."

தலையைக் குனிந்து தாளை மடிக்கிறான், பிரிக்கிறான், மடிக்கிறான். எனக்கு எரிச்சலாக வருகிறது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று உன் அம்மாவைப் பார்த்தால், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் சொல்லவில்லை. சொல்லும்வரை விடுவதாக இல்லை. இன்னொரு டீ போடச் சொல்லியிருக்கிறேன், அதனால் உன் அம்மா பேனாவை மூடுகிறாள்.

அப்பா